தாங்கல் வெளியின் நியாயஸ்தன்

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிற அந்த ஊரில் நியாயஸ்தன் என்ற சொல்லை யாரும் லேசில் வாயிலிருந்து எடுக்க மாட்டார்கள். நல்லவன் என்பார்கள். தங்கமான மனுஷன் என்பார்கள். பத்திரிகை வைக்க வந்தவனைக்கூடப் பெரிய மனுஷன் என்று சொல்லி அனுப்புவார்கள். நியாயஸ்தன் வேறு. இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "சரி, யாரை வெச்சிப் பேசலாம்?" என்று கேட்டால், இரண்டு வாயிலிருந்தும் ஒரே பெயர் வர வேண்டும். அப்படி வருகிற பெயர்க்காரனுக்குத்தான் அந்தச் சொல். அதை யாரும் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் வேறு மாதிரி கிடைக்கும்: "வந்துட்டாருடா ஞாயஸ்தரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க."

குணாவுக்கு அந்த இரண்டாவது வகைதான் கிடைத்திருந்தது. முதல் வகை தணிகாசலத்திடம் இருந்தது.

தணிகாசலம் குணாவின் பெரியப்பா மகன். நாற்பது நாள் மூத்தவன். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே இரும்புக் கம்பெனியில் சேர்ந்தார்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார்கள். குணா உலைப் பக்கம், தணிகாசலம் ஸ்டோரில். கையுறை, பூட்ஸ் எல்லாம் அவன் கையால்தான் வர வேண்டும். ஒப்பந்தத்தில் வந்த பீகார்க்காரனுக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் அவன் ஒரே கையுறையைத்தான் கொடுத்தான். அதற்காக சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினான். திட்டு வாங்கியது யாருக்கும் ஞாபகம் இல்லை. கையுறை கொடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. குணாவுக்கு எரிந்தது அதுதான். தனக்கென்றால் எதிர்மாறாகத்தான் நடக்கும் என்று அவன் நம்பினான்.

அந்தச் சொல் தணிகாசலத்துக்கு வந்த நாளையும் குணா மறக்கவில்லை. மறக்க முடியாது. அது முளைத்தது அவன் வரப்பில்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்துக் கழனிக்காரன் அன்பு, "குணா வரப்பைச் சீவிச் சீவி எம்பக்கம் தள்ளிக்கினே வரான்" என்று ஊரைக் கூட்டினான். யாரை வைத்துப் பேசலாம் என்று கேட்டார்கள். அன்பு, "தணிகாசலத்தக் கூப்புடுங்க" என்றான். குணாவுக்குச் சந்தோஷம். பங்காளி ஆயிற்றே, எங்கே போய்விடுவான்! அவனும் "கூப்புடுங்க, கூப்புடுங்க" என்றான். தணிகாசலம் கயிறு கட்டி இரண்டு முறை அளந்தான். வேட்டியில் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சாண் குணா பக்கந்தான் தப்பு. அவனே வெட்டிப் போட்டுடுவான்" என்றான். அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து யாரோ ஒரு கிழவர், "இவன்டா ஞாயஸ்தன்" என்றார். மறுநாள் மண்வெட்டியோடு போய்த் தன் வரப்பைத் தானே வெட்டிப் போடும்போது, ஒவ்வொரு வெட்டுக்கும் குணா அந்தச் சொல்லைக் கேட்டான்.

அதற்கப்புறம் தாங்கல் வெளிக்கு அறுப்பு வரிசை போடுகிற வேலையும் தணிகாசலத்திடமே போனது.

தாங்கல் என்பது அந்த ஊரின் சின்ன ஏரி. அதன் கீழே பதினோரு பேர் கழனி. சொர்ணவாரி நெல் புரட்டாசியில் பழுக்கும். அதே புரட்டாசியில்தான் சாயங்கால மழையும் வரும். ஆந்திராப் பக்கமிருந்து செயின் சக்கரம் போட்ட அறுப்பு வண்டி ஒன்று வரும். ஒரு நாள்தான் இருக்கும், பிறகு அடுத்த ஊர் இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் அறுத்தவன் நெல் காய்ந்து நிற்கும். கடைசியில் நிற்பவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் யார் கழனி எப்போது என்று ஒரே ஆள் ஒரு தாளில் எழுதி டீக்கடையில் படிப்பான். படித்ததற்கு மேல் பேச்சு இல்லை என்பது அந்த ஊர் வழக்கம்.

தணிகாசலத்தின் தாளில் பன்னிரண்டு வருஷமும் முதல் பெயர் குணா. கடைசிப் பெயர் தணிகாசலம்.

கடைசியில் தன் பெயரைப் படித்துவிட்டு அவன் தாளை மடிப்பான். ஊர் அவனை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வை குணாவுக்குப் பாடமாகியிருந்தது. தன் பெயரை முதலில் போடுவது எதற்கு என்பதிலும் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 'வரப்பு விஷயத்துல அசிங்கப்படுத்தினான் இல்ல, அதுக்குப் பிச்ச போடறான்.' ஒவ்வொரு வருஷமும் அந்தப் பிச்சையை வாங்கி, மூட்டை கட்டி, முதல் ஆளாகக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றினான். ஒரு வருஷமும் நன்றி சொன்னதில்லை.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தபடியே தணிகாசலம் செத்துப்போனான். மூன்று சீட் பின்னால் குணா உட்கார்ந்திருந்தான். சாய்ந்த தலையைப் பார்த்து, 'எங்க உட்காந்தாலும் தூக்கம் வருது பாரு இவனுக்கு, எனக்கு ஊட்ல படுத்தாலும் வரமாட்டேங்குது' என்று அவன் நினைத்தது உண்மை. ஊர் வந்து, தோளைத் தொட்டு எழுப்பப் போனவனும் அவன்தான். இந்த இரண்டையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். குணா பந்தக்கால் ஓரம் நின்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கருமம் முடிந்தது. கதிர் முற்றியது. டீக்கடையில் பேச்சு வந்தது.

"வரிசை யாரு போடறது?"

அன்பு டீ கிளாஸை வைத்துவிட்டு, "பங்காளி இருக்கான் இல்ல, குணாவே போடட்டும். இன்னா குணா?" என்றான்.

குணா உடனே சரி சொல்லவில்லை. உடனே சொன்னால் ஆசைப்பட்டதாகத் தெரிந்துவிடும். கிளாஸின் அடியில் இருந்ததைக் குடித்துவிட்டு, "எல்லாரும் சொல்றீங்கன்னா பாக்கறேன்" என்றான். வீட்டுக்குப் போகிற வழியில் கால் தரையில் பாவவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினான். முதலில் ஈஸ்வரி. தணிகாசலத்தின் பெண்டாட்டி, புருஷனை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள். கடைசியில் குணா. நடுவில் மற்ற ஒன்பது பேர். எழுதிவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். தணிகாசலம் தன்னைத்தான் கடைசியில் போட்டுக்கொண்டான். இது அதற்கும் ஒரு படி மேல். இதைப் படிக்கும்போது ஊர் எப்படிப் பார்க்கும் என்று நினைக்கவே நெஞ்சு இனித்தது.

அவன் மனைவி இளமதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நம்முளுது கடைசியா?"

"ஆமா."

"நம்ம கழனி ரோட்டு மேல இருக்குது. அக்கா கழனி ஏரிக் கரைக்கு அடியில, கோடியில கெடக்குது. வண்டி எப்டிய்யா போவும்? பறந்தா போவும்?"

"கால்வாக் கரை மேல போவும். அன்பு டிராக்டர் அது மேலதான வருஷம் முச்சூடும் போவுது."

"டிராக்டரும் இதுவும் ஒண்ணா? நாலு நாளா மழை வேற."

"உனுக்கு எல்லாத்திலயும் ஒரு நொட்டை சொல்லணும்."

"நொட்டை இல்ல. உங்க அண்ணன் ஒரு வருஷமாச்சும் கரை மேல ஏத்தினாரா?"

உங்க அண்ணன் என்றதும் குணா தாளை மடித்துவிட்டான்.

மறுநாள் ஈஸ்வரியிடம் தானே போய்ச் சொன்னான். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தி, "எங்களுத ஏன்ப்பா மொதல்ல போட்ட?" என்றாள்.

"தனியா இருக்கீங்களே அண்ணி."

"அது சரி. கால்வாக் கரை மேல வண்டிய ஏத்தக் கூடாதுன்னு சொல்லுவாரே அவரு. கரை உள்ளாற எலி வளையா இருக்குதாம்."

செத்தும் உத்தரவு போடுகிறான் என்று குணாவுக்குத் தோன்றியது. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று எழுந்து வந்துவிட்டான். ஒரு நடை போய்க் கரையைக் குத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தாளை மாற்ற வேண்டி வருமோ என்ற பயம் உள்ளே எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

டீக்கடையில் தாளைப் படித்தான். கடைசியில் "குணா" என்று படித்து நிறுத்தினான். அந்தப் பார்வை வந்தது. பன்னிரண்டு வருஷம் பக்கவாட்டில் நின்று பார்த்த பார்வை, இப்போது நேராகத் தன் மேல். "பரவால்லியே, ஞாயமாத்தான் போட்டுக்கிற" என்றான் அன்பு. குணா அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான். அன்பு பக்கோடாவை எடுத்துக் கடித்தான்.

வண்டி வந்த நாள் காலை எட்டு மணிக்கே வெயில் சுரீர் என்றிருந்தது. அப்படி அடித்தால் சாயங்காலம் மழை நிச்சயம். வண்டி ஓட்டி வந்தவன் இம்மானுவேல், தடாப் பக்கத்து ஆள், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவான். கரையைப் பார்த்ததும் இறங்கிவிட்டான்.

"இன்னா நைனா, இது மேலயா? தணிகாசலம் சார் ரோட்டுக் கழனியத்தான மொதல்ல அறுக்கச் சொல்லுவாரு. அறுத்துட்டு அது வழியா உள்ள பூந்துடுவோம்."

"இந்த வருஷம் வரிசை நான் போட்டது. ஏத்து."

"சாஞ்சா நான் பொறுப்பில்ல."

"ஏத்துய்யா."

வண்டி ஏறியது. முப்பதடி போயிருக்கும். இடது பக்கத்துச் செயின் பொதுக்கென்று உள்ளே இறங்கியது. கரை மண் ஒரு கேக் துண்டுபோல் பிளந்து கால்வாயில் சரிந்தது. வண்டி ஒருக்களித்து நின்றது. இம்மானுவேல் மறுபக்கம் குதித்துவிட்டான், அடி இல்லை. பதினோரு வீட்டு ஆட்களும் கோணிப்பையும் தார்ப்பாயுமாக நின்று பார்த்தார்கள்.

ஹைவே பக்கம் மனை போடுகிற இடத்திலிருந்து ஜேசிபி பிடித்து வந்து, இழுத்து வெளியே போடும்போது மணி இரண்டு. மேற்கே காளாஸ்திரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இனிமே கரை பேச்சு பேசாத நைனா" என்றான் இம்மானுவேல். "உள்ள போவணும்னா உன் கழனிதான் வழி."

எல்லோரும் குணாவைப் பார்த்தார்கள். அவன் கழனி ரோட்டை ஒட்டி, கதிர் தலைசாய்ந்து, மஞ்சளாக நின்றது. அந்த நிமிஷத்தில்தான் பன்னிரண்டு வருஷமும் தன் பெயர் ஏன் முதலில் இருந்தது என்பது அவனுக்கு விளங்கியது. பிச்சையும் இல்லை, பிராயச்சித்தமும் இல்லை. அவன் கழனி கதவு. கதவைத் திறந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா தணிகாசலம்?

முதலில் தன் நெல்லை அறுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். குணா தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னான்: "என் பயிரு போனாப் போவுது. அறுக்க வேணாம். அது மேலயே வண்டிய ஏத்தி உட்டு உள்ள போ. சொன்னா சொன்னதுதான், என்னுது கடைசிதான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. குணாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குள் இளமதி தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"இந்தாய்யா, வெளஞ்ச நெல்லு மேல வண்டி ஏத்தறேன்றியே, உனுக்கு இன்னா பேரு வைக்கறது? பேரு வேணும்னா பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் வாங்கிக் குடு, ரெக்கையில எழுதுவாங்க. அண்ணே, நீங்க அறுத்துக்கினே போங்க. இவுரு பேச்சக் கேக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள். இம்மானுவேல் குணாவைப் பார்த்தான். வானம் ஒருமுறை உறுமியது.

"அறு" என்றான் குணா.

வரிசை முழுக்கத் தலைகீழானது. ரோட்டிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாக. ஏழாவது கழனி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடியில் நாலு கழனி நின்றுபோயின. கடைசியில் இருந்தது ஈஸ்வரியுடையது. அன்றிரவே வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. குணாவின் மூட்டைகள் மட்டும் ரோட்டோரம், தார்ப்பாய்க்கு அடியில், சொட்டுத் தண்ணீர் படாமல், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அடுக்கியிருந்தன.

மறுநாள் டீக்கடைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே பேசுவது காதில் விழுந்தது.

"கரை தாங்காதுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் ஏத்திக்கிறான். சாஞ்சாத்தானே தன்னுத மொதல்ல அறுக்கலாம்."

"பொம்பளயும் வந்து நல்லா ஆக்ட் குடுத்திச்சிபா."

"ஞாயஸ்தரு!"

குணா சைக்கிளைத் திருப்பினான். உள்ளே போய் என்ன சொல்வது? தெரிந்து ஏற்றவில்லை, தணிகாசலத்தை ஜெயிக்க ஏற்றினேன் என்றா?

கம்பெனிக்குப் போன் போட்டு மூன்று நாள் லீவு சொன்னான். மழை விட்டிருந்தது. ஈஸ்வரியின் கழனியில் நெல் பாய்போல் படுத்துக் கிடந்தது. இனி எந்த வண்டி வந்தாலும் சாய்ந்த நெல்லை அது எடுக்காது, கையால்தான் அறுக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் முளைத்துவிடும். குணாவும் இளமதியும் அரிவாளோடு இறங்கினார்கள். ஈஸ்வரி ஏற்கெனவே ஒரு மூலையில் அறுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துவிட்டு அடுத்த பிடியை வளைத்தாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

சேற்றில் கால் புதைந்தது. ஈரத்தாள் கையை அறுத்தது. குனிந்திருந்த குணாவுக்கு அந்தக் கழனியின் மட்டம் கண்ணில் பட்டது. எங்கேயும் ஒரு குழி இல்லை, ஒரு மேடு இல்லை. மண்ணைக்கூட எப்படிப் படிய வைத்திருக்கிறான் பார் என்று வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பொழுது உச்சிக்கு வந்தபோது வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். குணா மெல்லச் சொன்னான்: "எங்க நெல்லு காஞ்சி நிக்குது அண்ணி. அதுல பாதிய ஏத்தி அனுப்பறேன். என்னாலதான இது நனஞ்சிது."

ஈஸ்வரி வெங்காயத்தைக் கடித்தாள். "இது நனையறது இன்னா புதுசா?"

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

"கோடிக் கழனிப்பா. எங்களுது எப்பவும் கடைசிதான? பன்னெண்டு வருஷத்துல நாலு வருஷம் நனஞ்சிக்கிது. நானும் அவரும் இதே மாதிரி குனிஞ்சி அறுத்திருக்கோம். முளைச்ச நெல்ல கொள்முதல்ல எடுக்க மாட்டான். மாட்டுக்குப் போட்டோம்."

"யாருக்குமே தெரியாதே!"

"சொல்ல உட்டாத்தானே? சொன்னா வரிசைய மாத்துன்னுவாங்க. மாத்தினா எல்லாருதும் கெடும். நம்முளுதோட போவட்டும்னுவாரு. ஊரு அவர ஞாயஸ்தன்னு சொல்லும். எனுக்கு இன்னா ஞாயம் செஞ்சாரு? ஒரு நாளு கேட்டேன். உனுக்குக் கடன்பட்டுக்கிறேன்டின்னாரு. அப்டியே போய்ச் சேந்துட்டாரு."

இளமதி கூழ்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, "நானா இருந்தா ஊரக் கூட்டி ஒப்பாரி வெச்சிருப்பேன்கா" என்றாள்.

"அதான் உன்ன குணாவுக்குக் குடுத்தாங்க" என்றாள் ஈஸ்வரி. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் ஈஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

குணா சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாளின் கடைசியில் பெயரைப் போட்டுப் பார்வையை வாங்கிக்கொண்டான் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தச் சேறு இருந்தது அவனுக்குத் தெரியாது. ஊரெல்லாம் சொன்ன அந்தச் சொல்லைத் தான் ஒரு முறைகூடத் தணிகாசலத்தைப் பற்றிச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவு வீட்டில்கூட.

"ஞாயஸ்தன்தான் அண்ணி அவன்" என்றான்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று ஈஸ்வரி எழுந்தாள். "கேட்டுக் கேட்டு சலிச்சவ நான். உம் பாதி நெல்லு எனுக்கு வேணாம். வர பட்டத்துக்கு யாரு போட்டாலும் வரிசைய ஒழுங்காப் போடச் சொல்லு, அது போதும்."

மூன்றாம் நாள் மாலை அறுப்பு முடிந்தது. உடம்பு கழுவிக்கொண்டு குணா டீக்கடைக்குப் போனான். அவன் வந்ததும் பேச்சு வரிசைக்குத் திரும்பியது. பிறகு யாரோ பொதுவாகச் சொன்னார்கள், அடுத்த பட்டத்திலிருந்து அன்பு வரிசை போடட்டும் என்று. "அன்புன்னா எல்லாத்தையும் யோசிச்சிப் போடுவான்" என்றார் இன்னொருவர். அன்பு தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் சொல்றீங்கன்னா பாக்கறேன்" என்றான். குணாவுக்குள் அந்தப் பழைய எரிச்சல் ஒரு முறை புரண்டது. அன்புவின் முகத்தில் இருந்த ஆசை குணாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அன்பு" என்றான். "என்னுத மொதல்ல போடு. யாரு இன்னா சொன்னாலும் சரி, மொதல்ல என்னுது."

அன்பு தலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கடையே அதிரச் சிரித்தது. "பட்டும் ஆசை அடங்குதா பாரு!" "மூட்ட இன்னும் ரோட்லதான் கெடக்குது, அதுக்குள்ள அடுத்த பட்டத்துக்குத் துண்டு போடறான்!" அன்புதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான், பக்கோடா புரையேறும் அளவுக்கு.

தன் கழனிதான் கதவு என்று குணா விளக்கம் சொல்ல வாயெடுத்தான். பிறகு, புரையேறிய அன்புவுக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, தனக்கு ஒரு டீ சொன்னான்.